ஜன்னலுக்குப் பொருந்தாத வானிலை

என் பெரியப்பாவின் மூத்த மகளை உறவினர் அனைவரும் 'செக்கிங் அக்கா' என்றே அழைப்பார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், தைத்து முடிந்த சட்டைகளைச் சோதிக்கும் மேஜையில் அவளுக்கு வேலை. சட்டையின் வெளிப்புறம் அவளுக்கு ஒரு பொருட்டே அன்று. கையில் எடுத்ததும் உட்புறத்தை வெளியே திருப்பி, தையலை விரலால் நீவிக்கொண்டே போவாள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் விழும். "மேலாகப் பாத்தா எல்லாச் சட்டையும் மாப்பிள்ளைதான்" என்பது அவள் வாக்கு. அந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடவில்லை. வீட்டுக்கு வரும் பழத்தையும் திருப்பிப் பார்ப்பாள். அழைப்பிதழின் பின்பக்கத்தையும் பார்ப்பாள். யாராவது நலமாக இருப்பதாகச் சொன்னால், சொன்ன வாயை விட்டுவிட்டு அவருடைய செருப்பைப் பார்ப்பாள்.

செருப்பைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அவளுடைய கணவர், அதாவது எங்கள் அத்தான், நூல் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர். மாதத்தில் பாதி நாள் வெளியூர்வாசி. ஒருமுறை அவர் தொலைபேசியில், "இங்க அடைமழை. பாலத்து மேல தண்ணி போகுது. பஸ்ஸே இல்ல" என்று சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். வந்து சேர்ந்தபோது அக்கா அவருடைய காலணிகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடிப்பள்ளங்களில் வெள்ளைப் புழுதி காய்ந்து கிடந்தது. சேற்றின் சுவடே இல்லை. அந்தப் புழுதியைப் பிடித்துக்கொண்டு விசாரித்தவள், வேறொரு வீட்டின் கதவு வரை போய்ச் சேர்ந்தாள். அது யாருடைய வீடு என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதவேண்டிய தேவையில்லை. அத்தான் அந்த வீட்டோடே தங்கிவிட்டார். அக்கா தன் ஒரே மகனைத் தனியாக வளர்த்தாள். அந்நாளில் ஊறிப்போன தீர்மானம் ஒன்று அவளிடம் உண்டு: "வீட்டை விட்டுப் போகப்போறவன் மொதல்ல வானிலையிலதான் பொய் சொல்லுவான்."

மகன் மின்தூக்கி மெக்கானிக் ஆனான். கம்பெனி அவனைப் பயிற்சிக்காக வெளிநாடு அனுப்பியது. அங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலையில் இருந்த ஒரு பெண்ணைக் கண்டு, மணந்து, அழைத்துக்கொண்டு வந்தான். அவள் ஸ்பானிய மொழி பேசும் ஒரு மலையூர்க்காரி. தமிழைக் கணவனிடமே கற்றாள்; ஆகையால் அவளுடைய தமிழ் ஒரு மெக்கானிக்கின் தமிழாக இருக்கும். மாமியார் கவலைப்படும்போதெல்லாம், "விடுங்க அத்தை, கழட்டி மாட்டிடலாம்" என்பாள். இங்கேயும் அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் அதே வேலை கிடைத்தது. மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் இருவரும் குடியிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்த அறை ஒழுகும். "அடுத்த மழைக்குள்ள பூசிடறேம்மா" என்று மகன் சொல்லாத ஆண்டில்லை.

இந்த நிலையில்தான் அக்காவின் விரல் ஓரிடத்தில் தயங்கியது.

மாடி அறையில் தொலைபேசி சரியாக எடுபடாது. ஆகையால் மருமகள் மாலையில் வேலை முடிந்து வந்ததும் கீழே இறங்கி, கூடத்து ஜன்னலோரம் நின்று தன் தாயுடன் பேசுவாள். அக்கா காய் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருப்பாள். மொழி புரியாது, நடத்தை புரியும். எண்ணைத் தட்டுவதற்கு முன்னால் மருமகள் தொலைபேசியில் வேறு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். பிறகு மின்விசிறியை நிறுத்துவாள். கோடை உச்சத்தில், சுவரே வேர்த்துக்கொண்டிருக்கும் வேளையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னல் கதவையும் சாத்துவாள். பேசி முடித்ததும் திறந்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மாடிக்குப் போவாள்.

அக்கா மகனிடம் கேட்டாள்.

"யார்கிட்டடா தினமும் பேசறா?"

"அவங்க அம்மாகிட்டம்மா."

"என்னத்தப் பேசறா?"

"என்னத்த... மழை வெயில்தான்."

"அதுக்கு எதுக்கு ஃபேன நிறுத்தணும்?"

"சத்தம் கேக்கும்ல" என்று சொல்லிவிட்டு அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான். தட்டில் இன்னும் சோறு இருந்தது. அதையும் அக்கா கவனித்துக்கொண்டாள்.

அதன்பின் ஒரு நாள், துவைப்பதற்காக மகனின் சட்டைப்பையைத் திருப்பியபோது கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள் விழுந்தன. காதுகள் இரண்டும் தெரிய, சிரிக்காத முகம். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துச் சட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டாள். மகன் அந்தச் சட்டையைத் தேடி எடுத்து முகர்ந்து பார்த்து, "இது துவைக்கலையா?" என்றான். "சோப்பு தீந்துபோச்சு" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

அந்த வாரமே அக்கா ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினாள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, தொலைபேசியில் கிடைத்த இலவசப் பாடங்களைச் சோதனை மேஜையிலேயே கேட்டாள். முதல் பாடம் வணக்கம் சொல்வது. இரண்டாவது வானிலை. மூன்றாவது உடம்பு: பசி, தாகம், குளிர், தூக்கம், வலி. எதிர் மேஜைக்காரிக்கு அக்கா வாய்க்குள் முணுமுணுப்பது வேடிக்கையாக இருந்தது.

"காதுல என்னக்கா, பாட்டா?"

"பாடம்."

"இப்ப என்ன பாடம்?"

"மழை பெய்யுது, வெயில் அடிக்குது, முட்டி வலிக்குது."

"இதுக்கா பாடம்? எங்க மாமியா நாள் முழுக்க இதைத்தான் பேசுது. அனுப்பி வைக்கவா?"

"அந்த ஊர்ல குளிருதுன்னு சொல்ல மாட்டாங்களாம்டி. வானம் குளிரைச் செய்யுது, நான் குளிரை வச்சிருக்கேன்னு சொல்லணுமாம்."

"வச்சிருக்காங்கன்னா கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லு. இங்க வேகுது."

நான்காவது பாடத்துக்கு அக்கா போகவில்லை. தேவைப்படவில்லை என்று அவளே சொன்னாள். கூடத்து ஜன்னலோரத்துப் பேச்சில் பெரும்பகுதி அந்த இரண்டு பாடங்களுக்குள் அடங்கிவிட்டதாம். மகன் உண்மையைத்தான் சொல்லியிருந்தான். மழை வெயில்தான் பேசினார்கள். ஆனால் எந்த மழை, எந்த வெயில் என்பதில்தான் சிவப்பு ஸ்டிக்கர் விழுந்தது.

எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு காகம் வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், பிடரியில் வியர்வை வழிய, மருமகள் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னாள்: "ஆசே ஃப்ரியோ." குளிராக இருக்கிறது. சற்றுப் பொறுத்து, "தெங்கோ ஃப்ரியோ." எனக்குக் குளிர்கிறது. சொன்னதோடு நில்லாமல் உள்ளங்கைகளைத் தேய்த்து வாயில் ஊதிக்கொண்டாள். மறுநாள் "எஸ்தா நெவாந்தோ" என்றாள். அக்காவின் கத்தி கத்தரிக்காயின் நடுவில் நின்றது. பனி பொழிகிறது என்பது அதற்குப் பொருள். பாடத்தில் அந்த அட்டையில் வெள்ளைப் புள்ளிகள் வரைந்திருப்பார்கள்.

விடுமுறை நாளில் அக்கா என் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள்.

"நமக்குக் கோடைன்னா அவ அம்மா ஊர்ல குளிர்காலம்க்கா, பனியா இருக்கும். அதைப் பத்திப் பேசியிருப்பா."

"அவ அம்மாவுக்குன்னா உனக்குக் குளிருதான்னு கேக்கணும். இவ எனக்குக் குளிருதுங்கறா. ஸ்வெட்டர் போட்டிருக்கேங்கறா. வேர்த்து ஊத்துது தம்பி, ரவிக்கை முதுகோட ஒட்டிக்கிடக்குது, ஸ்வெட்டராம்."

"நேரா கேட்டுப்பாரேன்."

"கேட்டா சொல்றவ எதுக்கு ஃபேன நிறுத்தறா?"

இதற்கான பதிலையும் அக்காவே வைத்திருந்தாள். மருமகள் யாரிடமோ தான் ஏற்கெனவே அந்த மலையூருக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்லிவைத்திருக்கிறாள். அங்கே யாரோ இடம் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேரும்வரை இங்கே ஒரு வானிலை, அங்கே ஒரு வானிலை. "தாயா இருந்தா பெத்த பொண்ணு எந்த ஊர்ல இருக்கான்னு தெரியாதா? பேசறது தாயே இல்ல" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அவரு பாலத்து மேல தண்ணி போகுதுன்னாரு. இவ பனி பொழியுதுங்கறா. ரெண்டும் ஒரே தையல்தான்" என்றாள். அவளுடைய அச்சம் மருமகளைப் பற்றியதன்று. கணவர் போன வழியில் மகனும் போய்விடுவான், அந்த வீட்டில் தான் மட்டும் எஞ்சுவோம் என்பதே அச்சம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விடை தானாக வந்தது. ஒரு மாலை, மருமகள் தொலைபேசியைக் கூடத்தில் மின்னேற்றப் போட்டுவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தாள். தொலைபேசி அடித்தது, ஓய்ந்தது, மீண்டும் அடித்தது. அழைப்பவர் பொறுமையற்றவர் என்பது தெரிந்தது. காத்திருந்த ஆள் பிடிபடுகிறான் என்று எண்ணிக்கொண்டுதான் அக்கா அதை எடுத்தாள்.

மறுமுனையில் ஆண்குரல் இல்லை. நடுங்கும் ஒரு முதிய பெண்குரல் விசும்பிக்கொண்டிருந்தது. சொற்கள் வெள்ளம்போல் வந்தன. அந்த வெள்ளத்தில் அக்காவுக்குக் கைப்பிடியாகக் கிடைத்தது ஒன்றுதான். "தெங்கோ ஃப்ரியோ. தெங்கோ ஃப்ரியோ." குரல் ஒரு கேள்வி கேட்டது. பதில் வராமல் போகவே விசும்பல் பெரிதாயிற்று. அப்போது, பாடம் தன்னையறியாமல் வாயில் வந்துவிட்டதாக அக்கா சொல்கிறாள்.

"ஸி. ஆசே ஃப்ரியோ."

ஆமாம், குளிராகத்தான் இருக்கிறது.

விசும்பல் நின்றது. குரல் ஜன்னலைப் பற்றி ஏதோ கேட்டதாக அக்காவுக்குத் தோன்றியது. "எஸ்தா நெவாந்தோ" என்றாள். மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. பிறகு கிழவி தன் முழங்கால் வலிக்கிறது என்றாள். அந்தச் சொல்லை அக்கா மேஜையருகே நின்றுகொண்டே மனப்பாடம் செய்தவள். எனக்கும் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னாள். அந்த உரையாடலில் அவள் சொன்ன ஒரே மெய் அதுதான். கிழவி சிரித்தாள். பிறகு இருவரும் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: குளிர், காற்று, தூக்கம் வருகிறது, முழங்கால்.

அக்காவுக்கு உறைத்தது வேறொன்று. குரல் வேறு, உச்சரிப்பு வேறு, சொல்லோ விரல்விட்டு எண்ணக்கூடியது. ஆயினும் அந்தக் கிழவி, நீ யார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மகள் குரல் எது என்று தெரியாத தாய் எப்படிப்பட்டவளாக இருக்க முடியும் என்பது, அந்தக் கதையைச் சட்டைபோல் அவள் முற்றிலும் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தபோது மருமகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்பதில் இருவர் கூற்றும் முரண்படுகின்றன. அப்போதுதான் வந்ததாக மருமகள் சொல்கிறாள். அவள் கையிலிருந்து பை நழுவி, தக்காளிகள் அதற்குள் உருண்டு ஓய்ந்திருந்தன என்று அக்கா சொல்கிறாள்.

மருமகள் தொலைபேசியை வாங்கி, தாயிடம் இரண்டு சொல் பேசி வைத்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"உங்களுக்கு எங்க பாஷை தெரியுமா?"

"மழை வெயில் தெரியும். உடம்பு வலி தெரியும்."

"எப்பலேருந்து?"

"இந்தக் கோடையிலேருந்து."

"அப்ப இவ்வளவு நாளா ஒட்டுக்கேட்டுட்டு இருந்தீங்க."

"நீ இவ்வளவு நாளா பொய் சொல்லிட்டு இருந்த."

"நான் உங்ககிட்டயா சொன்னேன்?"

மருமகள் தக்காளிகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிபட்டதைத் தனியே வைத்தாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகுதான் பேசினாள். தாய்க்கு நினைவு கழன்றுகொண்டே வருகிறது. மகள் கடல் தாண்டிப் போனது அவளுக்கு நினைவில் இல்லை; பக்கத்துத் தெருவில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்து, பனி பொழிகிறதே, உனக்குக் குளிரவில்லையா என்று கேட்பாள். இங்கே வெயில் அம்மா என்று ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். ஒரே தெருவில் பனியும் வெயிலுமா என்று கிழவி அஞ்சி, மகள் ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று அவளைத் தேடிக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கிவிட்டாள். பார்த்துக்கொள்ளும் சித்தி இழுத்துவந்து படுக்கவைத்தாளாம். அதன்பிறகு மருமகள் தாயின் ஜன்னலுக்கு வெளியே என்ன வானிலை என்று தொலைபேசியில் பார்த்துவிட்டு, அந்த வானிலையையே சொல்லத் தொடங்கினாள்.

"ஃபேன் சத்தம் கேட்டா, குளிருல எதுக்கு ஃபேன்னு கேப்பாங்க அத்தை."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அடுத்த கேள்வி என்ன கேப்பீங்க?"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போகப்போறீங்களான்னு கேப்பேன்."

"அதான் சொல்லல."

மகன் வேலையிலிருந்து வந்ததும், மீதியை அவனே சொன்னான். புகைப்படங்கள் வீணாக எடுக்கப்படவில்லை. சித்தியால் இனித் தனியாக முடியாது. அங்கேயே ஒரு மின்தூக்கி கம்பெனியில் அவனுக்குத் தற்காலிக வேலைக்கு ஏற்பாடாகியிருந்தது. ஆக, அக்காவின் சந்தேகத்தில் காரணம்தான் பிழை, முடிவு பிழையன்று. நான் அவளிடம் இதைச் சொன்னபோது, "பாத்தியா" என்றாள். அதில் வெற்றி இல்லை.

"எவ்வளவு காலம்டா?"

"அவங்க இருக்கிற வரைக்கும்மா. அப்புறம் வந்துடுவோம்."

"உங்கப்பாவும் வந்துடுவேன்னுதான் சொன்னாரு."

"நான் அப்பா இல்லம்மா."

"அதையும் பாக்கத்தான் போறேன்."

அவள் தடுக்கவில்லை. அழவும் இல்லை என்று சொல்கிறாள். அதற்குச் சாட்சி இல்லை. மருமகளிடம் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"உங்கம்மாவுக்குச் சொல்றியே, அது சரி. எனக்கு ஒரு நாளும் அப்படிச் சொல்லாத. நாளைக்கு நானே எல்லாத்தையும் மறந்து கிடந்தாலும், நீ எந்த ஊர்ல இருக்கியோ அந்த ஊர் வெயிலச் சொல்லு. கேட்டு நான் பயந்தா பயந்துட்டுப் போறேன்."

மருமகள் "சரி அத்தை" என்றாள். "நீங்களும் அப்படியே."

"எனக்கென்ன, இங்க எப்பவும் வெயில்தான்."

அவர்கள் போனார்கள். அதன்பின் ஒவ்வொரு மாலையும் அழைப்பு வரும். அக்கா தன் தொலைபேசியில் அந்த மலையூரின் வானிலைப் பக்கத்தை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்வாள். மருமகள் மேகமூட்டம் என்பாள். அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சரிபார்ப்பாள். இதுவரை ஒரு ஸ்டிக்கரும் விழவில்லை. பேச்சின் முடிவில் தொலைபேசி கிழவியின் கைக்குப் போகும். அப்போது அக்கா எழுந்து மின்விசிறியை நிறுத்துவாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆசே ஃப்ரியோ" என்பாள். கிழவி அவளை யாரென்று எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. முழங்கால் வலி ஒன்றுதான் எப்போதும் இருதரப்பிலும் மெய்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு மாலை நான் அங்கே இருந்தேன். வெளியே இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்ததும் அக்கா ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, மின்விசிறியை முழுவேகத்தில் ஓடவிட்டாள். மழையில் குளிர்ந்து கிடந்த வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. ஒலிபெருக்கியில் மருமகளின் குரல் கேட்டது.

"அங்க எப்படி அத்தை?"

"வெயில் கொளுத்துது."

"ஃபேன் என்ன இவ்வளவு சத்தம்?"

"வெயிலுக்குத்தான்."

"என் போன்ல உங்க ஊருக்கு மழைன்னு காட்டுது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"போன் ஆயிரம் காட்டும்" என்றாள்.

"மாடி ரூம் ஒழுகுதா அத்தை?"

"இல்ல."

பின்னாலிருந்து மகனின் குரல் குறுக்கிட்டது. "எத்தனை வாளிம்மா வச்சிருக்க?"

"ஒண்ணு."

"அம்மா."

"மூணு. அப்புறம் ஒரு அண்டா."

மறுமுனையில் இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் மருமகள், சிரிப்பில்லாத குரலில், "இனிமே உள்ளதச் சொல்லுங்க அத்தை. நாங்களும் இங்கேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள். அக்கா எழுந்து மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, தொலைபேசியை மழைச்சத்தத்தின் பக்கமாகச் சற்று நேரம் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதும்வரை அவர்கள் திரும்பவில்லை. கிழவி உயிரோடு இருக்கிறாள். அக்காவைப் பற்றிய இந்தக் குறிப்பை எப்படி முடிப்பது என்று அவளிடமே கேட்டேன். மகனும் மருமகளும் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறாள் என்று எழுதட்டுமா என்றேன்.

மடியில் ஒரு சட்டை இருந்தது. மகன் விட்டுப்போனது. அதைத் திருப்பிப்போட்டுத் தையலை நீவிக்கொண்டே சொன்னாள்.

"நம்புறேன்னு எழுதாத தம்பி. பாத்துக்கிட்டு இருக்கேன்னு எழுது."